வியர்க்க வைக்கும் மூலிகைகள்: மருத்துவக் கேள்வி – பதில்

பனிக்காலம் பிறந்துவிட்டால் நீலகிரி வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் சளி, காய்ச்சல், கஷாயம் என்றே அமைகின்றன. அவற்றுள் வியர்வையை வரவழைக்கும் மூலிகைகள் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பதில் அளிப்பவர் ஒரு சித்த மருத்துவர்.

என் மகனுக்குக் குளிர்காய்ச்சல் வந்தால், என் மாமியார் சுக்கு, மிளகு, துளசி போட்டுக் கஷாயம் கொடுத்து, இரண்டு கம்பளிகளைப் போர்த்தி, சன்னலையும் சாத்திவிடுவார். நன்றாக வியர்த்த பிறகு காய்ச்சல் விடுவதை நானும் பார்த்திருக்கிறேன். நர்சிங் படிக்கும் என் தங்கையோ, காய்ச்சல் விடுவதால்தான் வியர்க்கிறது, வியர்ப்பதால் காய்ச்சல் விடுவதில்லை என்கிறாள். யார் சொல்வது சரி?
— வாசகி, கோத்தகிரி

உங்கள் தங்கை சொல்வதே சரி. ஆனால் அதற்காக உங்கள் மாமியார் கொடுக்கும் கஷாயத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு கட்டத்திற்குப் பிறகு நிறுத்த வேண்டியது கம்பளியைத்தான்.

உடலின் வெப்பம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் தீர்மானிக்கிறது. கிருமி உள்ளே புகுந்து, எதிர்ப்பணுக்கள் விழித்துக்கொண்டு, புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் அங்கே கூடும்போது, அந்த அளவு 37 டிகிரியிலிருந்து 39க்கு உயர்த்தப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் உடல் இன்னும் 37இல்தான் இருக்கிறது. ஆகவே இரண்டு டிகிரி குறைவாக இருப்பதாக மூளை கணக்கிட்டு, தோலின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி, தசைகளை நடுங்க வைக்கிறது. நெற்றி கொதிக்கும்போதே பிள்ளை குளிருகிறது என்று சொல்வதற்கும், கையும் காலும் சில்லிட்டிருப்பதற்கும் இதுவே காரணம். பிறகு நோய் தணிந்தோ பாரசிட்டமால் வேலை செய்தோ அந்த அளவு மீண்டும் 37க்கு இறங்கும்போது, இப்போது உடல் தேவைக்கு மேல் சூடாக இருப்பதாகக் கணக்கு மாறி, தோல் சிவந்து, வியர்வை பெருகுகிறது. வியர்வை வந்தது என்றால், காய்ச்சல் இறங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். கம்பளிக்குள் வலுக்கட்டாயமாக வியர்க்க வைத்தால் மூளையிலுள்ள அந்த அளவு மாறாது. கிருமியும் வியர்வை வழியாக வெளியேறாது.

அப்படியானால் கஷாயம் என்ன செய்கிறது? மிளகிலுள்ள பைப்பரினும் சுக்கிலுள்ள ஷோகாலும், வெப்பத்தை உணரும் அதே நரம்பு ஏற்பிகளைத் தூண்டுவதால், வாயிலும் வயிற்றிலும் சூடு பரவிய உணர்வு உண்டாகி, நெற்றியும் மேலுதடும் வியர்க்கின்றன. மூக்கு ஒழுகி அடைப்பு தளர்வதும் இதே காரத்தால்தான். சூடான பானம் என்பதற்கே தனிப் பயன் உண்டு. 2008இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழப்பானத்தைச் சூடாகவும் அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தபோது, மூக்கின் காற்றோட்ட அளவில் மாற்றம் தெரியாவிட்டாலும், சூடாகக் குடித்தவர்களுக்கு இருமல், தும்மல், தொண்டை வலி, குளிர் நடுக்கம், சோர்வு ஆகியவை குறைந்ததாக அவர்களே தெரிவித்தனர். மூலிகைகளின் குணங்களைச் சொல்லும் நம் குணபாட நூல்களும் வியர்வை பெருக்கி, வெப்பகற்றி, கோழையகற்றி என்று செய்கைகளைத் தனித்தனியாகவே பிரித்துச் சொல்கின்றன. ஒரு மூலிகை வியர்க்க வைக்கிறது என்பதனாலேயே அது காய்ச்சலைத் தணிக்கும் என்று அந்த நூல்கள் சொல்லவில்லை. நாம்தான் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டோம்.

கம்பளியைப் பொறுத்தவரை, நடுங்கும் கட்டத்தில் ஒன்று போதும். முகம் சிவந்து, கழுத்தடியில் ஈரம் தட்டியதும் அதை எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும்; அதே வியர்வையைக் கம்பளி குடித்துவிட்டால் நீரும் உப்பும் போனதுதான் மிச்சம், உடல் குளிர்வதில்லை. உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, பருத்திச் சட்டையை மாற்றி, பனிக்காற்று நேரே படாத அளவில் சன்னலைச் சற்றே திறந்து வையுங்கள். கைக்குழந்தைகளை ஒருபோதும் இப்படிப் போர்த்தி வியர்க்க வைக்கக் கூடாது.

இன்னொன்று. ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று சொல்லி, காய்ச்சல்காரருக்குத் தண்ணீரைக்கூடக் குறைத்துவிடும் வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. பட்டினி ஒரு வேளை இருக்கலாம், தாகத்தோடு இருக்கலாகாது. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினாலே வளர்சிதை மாற்றம் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடுகிறது. அதற்கு மேல் வியர்வையும் பெருகினால், உப்பிட்ட கஞ்சித் தண்ணீரோ உப்பு–சர்க்கரைக் கரைசலோ கஷாயத்தைவிட அதிக அளவில் உள்ளே போக வேண்டும்.

உதகையில் பனி விழுந்தால் துளசி கருகிவிடுகிறது. நொச்சி வைத்தும் பிழைக்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டுவந்தால் வாடிவிடுகிறது. இங்கேயே வளர்த்து, வேது பிடிக்கவும் கஷாயம் வைக்கவும் என்ன இருக்கிறது? மேலும், சமவெளியில் வைப்பது போல இங்கே கஷாயம் இறங்குவதில்லையே, ஏன்?
— வாசகர், உதகமண்டலம்

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேகத் தாமதமாவதைப் போலவே சுக்கும் வேர்களும் சாரம் விடத் தாமதமாகும். ஆகவே சுக்கை முழுதாகப் போடாமல் நசுக்கி, கொரகொரப்பாக இடித்து, முந்திய இரவே நீரில் ஊறவைத்துவிட்டுக் காய்ச்சுங்கள். ‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்பதை மறவாமல் மேல்தோலைச் சுரண்டிவிட வேண்டும். கடைச் சுக்கில் சில சமயம் வெளுப்பாகத் தெரியும் சுண்ணாம்புப் பூச்சும் அதோடு போய்விடும். கடைகளில் விற்கும் குடிநீர்ப் பொடியானால் 5 கிராம் பொடிக்கு 240 மில்லி நீர் விட்டு, சிறுதீயில் 60 மில்லியாக வற்றவைத்து வடிகட்டுவது வழக்கம். அளவுக்கோடு உள்ள பாத்திரம் இருந்தால் நல்லது. கண்மதிப்பில் இறக்குபவர்கள் பெரும்பாலும் பாதியிலேயே இறக்கிவிடுகிறார்கள். வடித்த குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். காலையில் வைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றி இரவு வரை குடிப்பது முறையன்று.

நறுமண இலைகளுக்கு இது பொருந்தாது. துளசி, கற்பூரவல்லி, புதினா ஆகியவற்றின் குணம் ஆவியாகும் எண்ணெயில் இருப்பதால், அவற்றைத் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், குடிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. சுக்கும் மிளகும் வற்றியதும் அடுப்பை அணைத்து, இலைகளைக் கிள்ளிப்போட்டு, பத்து நிமிடம் மூடி வையுங்கள்.

வளர்ப்பதற்கு வருவோம். நொச்சி சமவெளியின் ஆற்றோரத்துச் செடி. உறைபனி விழும் உயரத்தில் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். துளசியையும் கற்பூரவல்லியையும் தொட்டியில் வைத்து இரவில் வீட்டுக்குள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் மலைக்கே ஏற்றது தைம் என்னும் சிறு செடி. நீலகிரியில் ரோஸ்மேரியோடு சேர்த்து விற்பனைக்காகவே பயிரிடப்படுகிறது. ஓட்டல்காரர்கள் வாங்கிப் போகிறார்கள், நம் வீடுகளில்தான் சீந்துவாரில்லை. ஓமத்திற்கும் கற்பூரவல்லிக்கும் அந்தக் காரமான மணத்தைத் தரும் தைமாலும் கார்வக்ராலும் தைம் இலையிலும் இருக்கின்றன. குளிரை நன்றாகத் தாங்கும். ஒரு டம்ளர் வெந்நீருக்கு இரண்டு சிறு கொத்து போதும். கற்பூரவல்லி இல்லாத நாளில் அந்த இடத்தை அது நிரப்பிவிடும். எலுமிச்சைப்புல் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தாழ்ந்த சரிவுகளில் நன்றாக வரும். உதகையின் பள்ளங்களில் பனிக்குக் கருகும்.

வேது பிடிப்பதற்கு வெறும் வெந்நீராவியே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். பாத்திரத்தைத் தரையில் வைக்காமல் அசையாத மேசைமேல் வையுங்கள். சிறு பிள்ளைகளுக்கு வேது வேண்டாம். கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோவது, சளியைவிடப் பல மடங்கு கொடியது.

யூகலிப்டஸ் தைலத்தையும் வின்டர்கிரீன் தைலத்தையும் வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடித்தால் உடனே வியர்க்கும் என்று கடைக்காரர் சொன்னார். குடிக்கலாமா? ஆறு மாதக் குழந்தைக்கு மூக்கடியில் தடவலாமா?
— வாசகி, குன்னூர்

இரண்டுமே கூடாது.

1840களில் விறகுக்காக நீலகிரிக்கு வந்த யூகலிப்டஸ், தைலமாகித் தமிழகம் முழுவதும் நீலகிரித் தைலம் என்றே பெயர் பெற்றுவிட்டது. அந்தப் பழக்கத்தால் அதை வீட்டுச் சாமான் போல எண்ணிவிடுகிறோம். அதிலுள்ள சினியோல் சிறு பிள்ளைகளுக்கு நஞ்சு. ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே வலிப்பும் மயக்கமும் வரக்கூடும். கைக்குழந்தையின் மூக்கடியில் தடவினால் மூச்சுக்குழல் இறுகி மூச்சுத் திணறல் உண்டாகலாம். பெரியவர்கள் மார்பிலும் முதுகிலும் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவிக்கொள்ளலாம். அல்லது கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகரலாம்.

வின்டர்கிரீன் இன்னும் கடுமையானது. நீலகிரிச் சோலைகளின் ஓரத்தில் தானாகவே வளரும் ஒரு புதரின் இலையிலிருந்து வடிக்கப்படும் அந்தத் தைலம், ஏறத்தாழ முழுவதும் மெத்தில் சாலிசிலேட் ஆகும். ஐந்து மில்லியில் உள்ள சாலிசிலேட், இருபது ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம். ஆஸ்பிரின் குடும்பத்து மருந்து என்பதால் வியர்க்க வைக்கத்தான் செய்யும். அளவு மீறினால் வரும் நஞ்சேற்றத்தின் அறிகுறிகளிலும் வியர்வை ஒன்று. மூட்டு வலிக்கு வெளிப்பூச்சாக மட்டும் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இரண்டு தைலங்களும் ஒரே மாதிரிக் குப்பியில் விற்கப்படுவதால் பெயரை வாசித்த பிறகே மூடியைத் திறப்பது நல்லது.

ரம்மில் மிளகுத்தூள் போட்டுக் குடித்தால் வியர்த்துக் காய்ச்சல் ஓடிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?
— வாசகர், மஞ்சூர்

மிளகு மிளகின் வேலையைச் செய்யும். மது தோலின் இரத்தக்குழாய்களை விரிப்பதால் சூடேறுவது போலத் தோன்றும். உண்மையில் அந்தச் சூடு உடலுக்குள்ளிருந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறது. மஞ்சூரின் இரவுக் குளிரில் அது நல்லதன்று. சிறுநீரைப் பெருக்கி நீரிழப்பையும் கூட்டும். அதன்மேல் பாரசிட்டமாலும் போட்டுக்கொண்டால் கல்லீரல் தாங்க வேண்டும். மிளகை ரசத்தில் போட்டுக் குடிக்கும்படி நண்பர்களிடம் சொல்லுங்கள்.

மேல்நாட்டு மூலிகைப் பட்டியல் ஒன்றில் எல்டர் பூ, ‘யாரோ’ (yarrow) என்னும் செடி, போன்செட் ஆகியவை காய்ச்சலில் வியர்க்க வைக்கும் என்று இருந்தது. போன்செட் என்பது யூபடோரியம் இனம் என்றும் போட்டிருந்தது. எங்கள் எஸ்டேட் ஓரமெல்லாம் மண்டிக் கிடக்கும் வெள்ளைப் பூச் செடியையும் யூபடோரியம் என்றுதான் சொல்கிறோம். வெட்டுக்காயத்தில் அதன் சாற்றைப் பிழிந்துவிடுவதும் உண்டு. அதைக் கஷாயமாக வைக்கலாமா?
— வாசகர், குந்தா

நீங்கள் வைக்குமுன் எழுதிக் கேட்டது நல்லதாயிற்று. அந்தச் செடியை உள்ளே சாப்பிடக் கூடாது.

பட்டியலில் இருக்கும் போன்செட், வட அமெரிக்காவின் ஈரநிலங்களில் வளர்வது. அங்கே பழங்குடி மக்களும் பின்னர் குடியேறியவர்களும் அதைச் சூடாகக் குடித்து வியர்வையை வரவழைத்தார்கள். உங்கள் எஸ்டேட்டில் இருப்பது மெக்சிகோவிலிருந்து உலகின் மலைநாடுகளுக்கெல்லாம் பரவி, நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலை ஓரங்களையும் பாதையோரங்களையும் பிடித்துக்கொண்ட வேறொரு செடி. முன்பு அதையும் யூபடோரியம் இனத்தில் சேர்த்திருந்தார்கள். தாவரவியலார் பின்னர் அதைப் பிரித்து அஜெரட்டினா என்னும் இனத்தில் வைத்துவிட்டார்கள். தோட்டக்காரர்கள் வாயில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் இந்தச் செடியை மேய்ந்த குதிரைகள் நுரையீரல் கெட்டு, இருமி, மூச்சு வாங்கி இறந்திருக்கின்றன. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கல்லீரல் பாதிப்புத் தெரிந்திருக்கிறது. மாடுகள் இதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்டரின் உலர்ந்த பூவை ஐரோப்பியர் நெடுங்காலமாகத் தேநீர் போலக் குடித்து வருகின்றனர். ஆனால் அதன் இலை, பட்டை, பழுக்காத காய் ஆகியவை உடலுக்குள் சயனைடை விடுவிக்கும். ‘யாரோ’ என்பது சாமந்திக் குடும்பத்துச் செடி. சாமந்தி வகைப் பூக்களின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தொட வேண்டாம். ஒரு பட்டியலில் உள்ள பெயரை வைத்துக்கொண்டு நம் வேலியோரத்தில் செடி தேடுவது எனக்கு எப்போதும் அச்சம் தரும் காரியம். அதே வேலியோரத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய் நீண்ட குழல் பூக்கள் தலைகீழாகத் தொங்கும் ஊமத்தை இனச் செடியும் இருக்கும். அதன் இலை வியர்வைச் சுரப்பையே நிறுத்தி, வாயை உலரவைத்து, காய்ச்சலை ஏற்றி, புத்தியையும் தடுமாற வைக்கும். இழுப்புக்கு ஊமத்தை இலைப் புகை பிடித்த பழக்கத்தை நினைத்துக்கொண்டு யாரும் அதைச் சளிக் கஷாயத்தில் சேர்த்துவிடக் கூடாது.

எங்கள் ஊரின் சிங்கோனாப் பட்டையும் வியர்க்க வைத்துத்தான் காய்ச்சலை விரட்டியதா? பழைய மரங்கள் இன்னும் இருக்கின்றன. பட்டையைக் கஷாயம் வைக்கலாமா?
— வாசகி, நடுவட்டம்

இல்லை. உதகை தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனாவை நட்டது மலேரியாவுக்காக. பட்டையிலுள்ள குயினைன், இரத்தச் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்கிறது. வியர்வைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மலேரியா முறைக்காய்ச்சலோ குளிர், கொதிப்பு, வியர்வை என்று மூன்று படிகளாக வந்து, மருந்தே கொடுக்காவிட்டாலும் வியர்த்து இறங்கி, ஒரு நாள் விட்டு மறுபடியும் ஏறும். அந்த இடைப்பட்ட நாளில் எந்த இலையைக் கொடுத்திருந்தாலும் அதற்குப் பெயர் கிடைத்திருக்கும். வியர்க்க வைக்கும் மூலிகைகளில் பலவற்றின் புகழ் இப்படி வந்ததாகத்தான் நான் கருதுகிறேன். பட்டையில் குயினைனின் அளவு மரத்துக்கு மரம் மாறுபடுவதால் வீட்டில் வைப்பது ஆபத்து: காது இரைச்சல், இரத்தச் சர்க்கரை திடீரென இறங்குதல், இதயத் துடிப்பு தடுமாறுதல் ஆகியவை நேரலாம்.

நிலவேம்புக் குடிநீர் கொடுத்து நன்றாக வியர்த்துக் காய்ச்சலும் விட்டுவிட்டால், பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டுமா? எத்தனை நாள் கஷாயத்தோடு பொறுத்திருக்கலாம்?
— வாசகர், கூடலூர்

சாதாரணச் சளிக் காய்ச்சல் இரண்டு, மூன்று நாட்களில் தணிந்து, பசி திரும்பும். மூன்றாம் நாளும் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கைக்குழந்தை, கருவுற்றவர், முதியவர், சர்க்கரை நோயாளி ஆகியோருக்கு அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

காய்ச்சல் விட்டுவிட்டது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாத நோய் டெங்கு. அதில் காய்ச்சல் இறங்கும் நேரமே, பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், ஆபத்தான கட்டம் தொடங்கும் நேரம். இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் சரியக்கூடும். அப்போது தோல் சில்லிட்டுப் பிசுபிசுவென வியர்க்கும். காய்ச்சல் இறங்கும்போது வரும் வியர்வையில் தோல் வெதுவெதுப்பாகவும் முகம் தெளிவாகவும் இருக்கும். கையால் தொட்டுப் பார்த்தே வேறுபாட்டை அறியலாம். குளிர்ந்த வியர்வையோடு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், தூங்கி வழிதல், ஆறு மணி நேரம் சிறுநீர் கழியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஒன்பது சரக்குகள் கொண்ட நிலவேம்புக் குடிநீரை நானும் கொடுக்கிறேன். ஆனால் அது இருக்கிறது என்பதற்காக இந்த அறிகுறிகளைக் கவனிக்காமல் விட்டால் அது மருந்தின் குற்றமாகாது.

தேயிலைத் தோட்டத்திலும் புதர்க்காட்டிலும் வேலை செய்பவர்கள், அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அது சிறு பூச்சி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைஃபஸின் அடையாளம். வலிக்காது, அரிக்காது என்பதால் கடிபட்டவருக்கே தெரிந்திருக்காது. டாக்சிசைக்ளினைத் தாமதமின்றித் தொடங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் காய்ச்சல் இறங்கிவிடும். கஷாயத்தில் நாள் கடத்தினால் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

கஷாயத்தில் தேன் சேர்ப்பதா, கருப்பட்டி சேர்ப்பதா?
— வாசகி, கேத்தி

எது வீட்டில் இருக்கிறதோ அது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது. போட்டுலிசம் என்னும் நச்சு நோய் வரக்கூடும். சர்க்கரை நோயாளிக்கு இரண்டுமே சர்க்கரைதான். அவர்கள் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடிக்கலாம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதையும் விட்டுவிடலாம்.